ஏழு வாரம் வெளியூரில் தங்கி வைத்தியம்: பள்ளத்தூர் ஆச்சியின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "நாங்கள் பள்ளத்தூர். கணவருக்கு 58 வயது. அடிநாக்கில் கேன்சர் என்று உறுதியாகிவிட்டது. ஆபரேஷன் இல்லை, சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், கூடவே வாரம் ஒரு கீமோ என்கிறார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் கோவையில். வீட்டில் வயதான மாமியார். சென்னையில் லாட்ஜ் எடுப்பதா, சொந்தக்காரர் வீட்டில் தங்குவதா, மதுரைக்கு மாற்றிக்கொண்டு தினமும் காரில் போய்வருவதா? என்னென்ன எடுத்துக்கொண்டு போவது?"

ஆச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். தினமும் போய்வருவது வேண்டாம். சொந்தக்காரர் வீடும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரத்துக்குள், தரைத்தளத்தில், நீங்களே அடுப்பு மூட்டிக்கொள்ளும்படி ஓர் அறையும் சமையலறையும் உள்ள இடமாகப் பாருங்கள். என் மனைவிக்குச் சென்னையில் வைத்தியம் பார்த்தபோது நாங்கள் இப்படித்தான் இருந்தோம். அதற்குப் பிறகு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து போனவர்கள் சிலருக்கு இடம் பார்த்துக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்தையும் பார்க்கப் பார்க்க இந்த எண்ணம் உறுதிப்பட்டதே தவிர மாறவில்லை.

பெரும்பாலும் எல்லாரும் முதல் நாளை மனதில் வைத்து அறை எடுக்கிறார்கள். முதல் நாள் அண்ணன், அதாவது உங்கள் கணவர், தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார், கீழே இறங்கி காபி குடித்துவிட்டு வருவார். "நல்லாத்தானே இருக்கார், எதுக்கு இவ்வளவு வாடகை" என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் ஆறாவது வாரத்தை மனதில் வைத்து எடுக்க வேண்டும்.

அதென்ன ஆறாவது வாரம்? இந்த வகைப் புற்றுநோய்க்கு வழக்கமாக 35 தவணையில் மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுப்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று, அதனால்தான் ஏழு வாரம். மேசையில் படுத்திருக்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம், வலி கிடையாது. முதல் பத்து நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நாக்கில் ருசி போகும், வாய் வறளும், எச்சில் பசை போல ஆகும். நான்காம் வாரத்திலிருந்து வாய்க்குள் புண். ஐந்து, ஆறு, ஏழாம் வாரங்களில் தண்ணீர் விழுங்குவதே வேலையாகிவிடும். கழுத்துத் தோல் கருத்து உரியும். படியேறினால் மூச்சு வாங்கும். வேதனை அதிகமாக இருப்பது கடைசி வாரத்திலும், சிகிச்சை முடிந்து அடுத்த இரண்டு வாரத்திலும்தான். எல்லாருக்கும் ஒரே அளவில் வராது. ஆனால் வரும் என்று வைத்துக்கொண்டு இடம் பார்த்தால் நடுவில் மூட்டை கட்ட வேண்டியதில்லை.

மதுரை யோசனையை நான் தள்ளிவிடவில்லை. மதுரையும் சரி, திருச்சியும் சரி, நமக்குச் சுமார் 90 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் கதிர்வீச்சு வசதியுள்ள ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. நோயின் நிலையைப் பார்த்து, அதே சிகிச்சையை அங்கேயே எடுக்கலாமா என்று அடையாறு டாக்டரிடமே கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். ஆனால் மாற்றுவதென்றால் ஆரம்பிக்கும் முன்பே மாற்ற வேண்டும், ஏனென்றால் ஸ்கேன், முகத்துக்கான மாஸ்க், கதிர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்ற கணக்கு எல்லாவற்றையும் புது இடத்தில் முதலிலிருந்து செய்வார்கள். மதுரைக்கே போனாலும் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வாயில் புண்ணோடு, வாந்தியோடு, திருப்பத்தூர் சாலை வளைவுகளில் காரில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரக் கதிர்வீச்சு எடுப்பவர்கள் சிலர் போய்வந்து சமாளிக்கிறார்கள். வாய், தொண்டைக்கு அது ஒத்துவராது.

அடையாறு ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள், கண் காணாத ஊருக்கு மகனைக் கொண்டுபோகிறார்கள் என்ற கலக்கம் கொஞ்சம் குறையலாம்.

சரி, தேதி விஷயம். இதில்தான் பணம் வீணாகிறது. "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னவுடன் இரண்டு மாத வாடகை கட்டிவிடாதீர்கள். முதலில் பல் டாக்டர் பார்ப்பார். கெட்டுப்போன பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பிடுங்கிய இடம் ஆறவே பத்துப் பதினைந்து நாள். அப்புறம் சிமுலேஷன்: பிளாஸ்டிக் வலை போன்ற தகட்டைச் சூடாக்கி முகத்தின் மேல் அழுத்தி மாஸ்க் செய்து, அதோடு ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்தை வைத்துக் கணக்குப் போட சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதன் பிறகே முதல் தவணை. ஆகவே முதல் பயணத்துக்கு லாட்ஜே போதும். சிமுலேஷன் முடிந்ததும் ஊருக்கு வந்து வீட்டைச் சரிசெய்துவிட்டு, ஆரம்பத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் குடிபோங்கள். அந்த இடைவெளியில் மகள் சென்னைக்கு வந்து இடம் பார்த்தால் இன்னும் நல்லது.

முடிவுத் தேதியும் உறுதியில்லாததுதான். மெஷின் ரிப்பேர், அரசு விடுமுறை, ரத்தத்தில் அணுக்கள் குறைந்து கீமோ தள்ளிப்போவது என்று ஏதாவது வரும். விட்டுப்போன தவணைகள் கடைசியில் சேரும். முடிந்த பிறகும் புண் அடங்கும்வரை ஒன்றிரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. வீட்டுக்காரரிடம் பேசும்போதே ஒன்பது, பத்து வாரம் என்று பேசுங்கள். பத்து மாத அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம் கேட்கும் வீடுகள் நமக்கு ஆகாது. வார வாடகை, மாத வாடகை என்று கட்டில், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்போடு விடும் இடங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி எப்போதும் இருக்கும். புரோக்கரை நம்புவதைவிட, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் மூன்றாவது நான்காவது வாரத்தில் இருக்கும் குடும்பத்தாரிடம் கேளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த வீட்டில் இரவு நாய் தொல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சமூகப் பணியாளர் என்று ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அடையாறு ஆஸ்பத்திரிக்கு இரண்டு வளாகம் உண்டு, ஒன்று காந்தி நகரில், இன்னொன்று சர்தார் பட்டேல் சாலையில். கதிர்வீச்சு எந்த வளாகத்தில் என்று கேட்டுக்கொண்டு அதை ஒட்டி இடம் பாருங்கள். காந்தி நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம், கொஞ்சம் தள்ளிப் போனால் தரமணி. பறக்கும் ரயில் பக்கத்தில் இருக்கிறது என்று வேளச்சேரி வரை போய்விடாதீர்கள். ரயில் நிலையத்துப் படிக்கட்டை ஆறாவது வாரத்தில் யார் ஏறுவது?

இடத்தைப் பார்க்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். வெஸ்டர்ன் கக்கூஸ் இருக்கிறதா, அது படுக்கும் இடத்திலிருந்து பத்தடிக்குள் இருக்கிறதா? தரை வழுக்குமா? ஜன்னல் வெளியே திறக்கிறதா, இல்லை பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்த்துத் திறக்கிறதா? மீன் வறுக்கும் வாசம் ஒன்று போதும், காலையில் கஷ்டப்பட்டுக் குடித்த கஞ்சி வெளியே வந்துவிடும். மாடியென்றால் லிஃப்ட், லிஃப்ட் என்றால் கரண்ட் போனாலும் ஓடும் லிஃப்ட். இரவு இரண்டு மணிக்கு வாசலுக்கு ஆட்டோ வருமா, அந்த நேரத்தில் கேட்டைத் திறப்பது யார்? கொசுவலை கட்ட வழியிருக்கிறதா? நடக்க ஒரு வராந்தாவோ மொட்டை மாடியோ இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடவே வாடகை கொடுக்கலாம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் வாழ்ந்த மனிதருக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அறை என்பது பாதி நோய்.

வீட்டுக்காரரிடம் நோயை மறைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் "செக்கப்புக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லிக் குடிபோய், நோய் தெரிந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், அதுவும் நான்காவது வாரத்தில். முன்பே சொன்னால் முகம் சுளிப்பவர் முன்பே சுளித்துவிடுவார், நாம் அடுத்த வீட்டுக்குப் போகலாம். கேன்சர் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதும் இல்லை. அண்ணன் பக்கத்தில் நீங்கள் படுக்கலாம், பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம். கீமோ போட்ட பிறகு இரண்டு நாள் மட்டும், வாந்தி, சிறுநீர் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொண்டு, கக்கூஸ் மூடியை மூடி இரண்டு தடவை ஃப்ளஷ் செய்துவிடுங்கள். கையுறையை மொத்தமாக ஒரு பெட்டி வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

சொந்தக்காரர் வீடு ஏன் வேண்டாம் என்றேன்? நம் பக்கத்துக் குடும்பங்களில் சென்னையில் பங்காளி, அம்மான், அயித்தான் என்று யாராவது இல்லாமல் இருக்க மாட்டார்கள், கூப்பிடவும் செய்வார்கள். மனசோடுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மூடி போட்ட டம்ளரில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டிய நாட்களில், அடுத்தவர் வீட்டு ஹாலில் உட்கார அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கும். நீங்கள் அந்த வீட்டு ஆச்சியின் அடுப்பில் நேரம் கேட்டுக் கஞ்சி காய்ச்ச வேண்டும். அவர்களும் உங்களுக்காகத் தாளிக்காமல் இருக்க வேண்டும். பத்து நாள் தாங்கும், பத்து வாரம் தாங்காது. அந்த உறவை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: வாரத்தில் ஒரு நாள் மதியம் வந்து அண்ணனுக்குத் துணையாக இருக்கச் சொல்லுங்கள், அந்த மூன்று மணி நேரம் நீங்கள் தூங்கலாம். நம் நகரத்தார் சமூகத்து விடுதி, சத்திரமெல்லாம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருபவர்களுக்கென்று ஏற்பட்டவை. முதல் பயணத்துக்கு ஓரிரு நாள் கிடைத்தால் சரி, நீண்ட நாளுக்கு நம்பி இருக்க வேண்டாம்.

இனி சாமான். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் தனிச் சமையல் என்று வேறு வைத்தார்களே, அந்த அளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு, எண்ணி நாலு பாத்திரம், அளந்த மளிகை. வித்தியாசம், இதில் எவர்சில்வர் சீர் இல்லை, மிக்ஸிதான் நாயகம். சின்ன குக்கர், நல்ல மிக்ஸி, நைஸ் வடிகட்டி, பிளாஸ்க் இரண்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பார்க்கும் மெஷின், தலையை உயர்த்திப் படுக்க இரண்டு கூடுதல் தலையணை, குளிக்கும்போது உட்கார பிளாஸ்டிக் ஸ்டூல், இரவு விளக்கு, மூடியுள்ள டம்ளர். பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து ஒரு கட்டு துணி, அது கடையில் கிடைக்காது. அடுப்புக்கு இண்டக்ஷன் ஒன்று. கேஸ் தேவையென்றால் அடையாள அட்டையைக் காட்டினால் 5 கிலோ சிறு சிலிண்டர் கிடைக்கும், வீட்டு இணைப்பை மாற்ற வேண்டியதில்லை. அண்ணனுக்குக் காலர் இல்லாத, முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டை. கழுத்தில் செயின், துளசி மாலை எதுவும் கூடாது. ஊதுபத்திப் புகை, சாம்பிராணி வேண்டாம். கழுத்தில் சந்தனமோ எண்ணெயோ பவுடரோ பூச வேண்டாம், பிளேடு போட்டுச் சவரம் செய்யவும் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் களிம்பு மட்டும்தான். தோலில் கோடு ஏதாவது போட்டிருந்தால் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து மளிகை கொண்டுபோவதில் ஓர் எச்சரிக்கை. வத்தல், ஊறுகாய், மிளகாய்ப் பொடி, உப்புக்கண்டம் இதெல்லாம் பெட்டியில் ஏறிவிடும், நம் கைப்பழக்கம் அப்படி. ஏற்றாதீர்கள். அதற்குப் பதில் கும்மாயத்துக்கு வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டி, நல்ல நெய் கொண்டுபோங்கள். உளுந்தும் நெய்யும் கருப்பட்டியும் சேர்ந்து, கொஞ்சம் சாப்பிட்டாலும் தெம்பு தரும் பண்டம் அது. இன்னும் கொஞ்சம் பால் விட்டு இளக்கிக் காய்ச்சினால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுபவர் என்றால் அரைவேக்காடு கூடாது, முழுதாக வெந்த முட்டையைப் பாலில் அடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து உடைத்த கஞ்சி, இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து மசித்தது, இட்லியை மோரில் கரைத்தது. புளி, தக்காளி, மிளகு எரியும். ரசத்தைத் தெளிவாக இறுத்துக் கொடுத்தாலும் எரியும். சூடாகவும் வேண்டாம், ஃபிரிட்ஜ் குளிரும் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அரை டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் எடை பாருங்கள். எடை வேகமாக இறங்கினால், முகம் மெலிந்தால் மாஸ்க் தளர்ந்துவிடும், கணக்கைத் திரும்பப் போட வேண்டியும் வரலாம். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னால் அண்ணன் மறுப்பார், நம் ஆட்கள் பெரும்பாலும் மறுக்கிறார்கள். அந்தக் குழாய் போடுவது நோய் முற்றிவிட்டது என்பதற்காக இல்லை, ஏழு வாரத்தையும் முடிக்கப் பட்டினி கிடக்காமல் இருக்கத்தான். வாயைக் கொப்பளிக்க ஒரு லிட்டர் வெந்நீரை ஆறவைத்து ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெற்றிலை, புகையிலை, சிகரெட் அடியோடு நிறுத்தப்பட வேண்டும். தொடர்ந்தால் கதிர்வீச்சின் பலன் குறையும். சாப்பிட்டவுடன் வெற்றிலைத் தட்டத்தைத் தேடும் பழக்கம் இருந்தால் அந்தத் தட்டத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று யோசித்தீர்களா? அவருடைய கஞ்சியில் மிச்சத்தைக் குடித்துவிட்டு இருந்துவிடுவீர்கள். அது நடக்கும், ஆச்சி, நான் பார்த்திருக்கிறேன். காரமாக ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் அவர் நடக்கப் போன நேரத்தில் தாளித்துச் சாப்பிடுங்கள், அல்லது வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவர் சாப்பிட முடியாதபோது நாம் சாப்பிடுவது துரோகம் ஒன்றும் இல்லை. உங்கள் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்பது கூடாது. கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். பக்கத்தில் குடியிருக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். இரவில் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைல், மாற்று உடை, துண்டு, கொஞ்சம் ரொக்கம் வைத்த பை ஒன்று எப்போதும் கதவுப் பக்கத்தில் இருக்கட்டும். கீமோ நாள் காலையிலிருந்து மாலை வரை இழுக்கும். சிறுநீரகத்தைக் காப்பாற்ற சலைன் நிறைய ஏற்றுவார்கள், அன்று சமையல் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். காதில் இரைச்சல் கேட்கிறது என்று அண்ணன் சொன்னால் அதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள், சில கீமோ மருந்துகள் காதைப் பாதிக்கும். யாராவது லேகியம், சூரணம் கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீசில் கார்டு எடுக்க வேண்டும். அரிமளம், ராயவரம் பக்கத்தவர்கள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். தனியார் இன்சூரன்ஸ் என்றால் தினமும் வந்து போகும் கதிர்வீச்சுக்கும் பணம் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரயிலில் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். பல்லவன் எக்ஸ்பிரஸில் பகலில் போவதென்றால் உட்கார்ந்து போகும் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம்.

வீட்டையும் மாமியாரையும் விட்டுவிட்டுப் போவதுதான் உங்களுக்கு உண்மையில் பெரிய பாரமாக இருக்கும் என்று கேள்வியிலேயே தெரிகிறது. அவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஒரே அறையில் இரண்டு நோயாளி ஆகிவிடும். வேலைக்கு வரும் பெண்ணை இரவும் தங்கச் சொல்லி, பங்காளி வீட்டில் ஒருவரிடம் மாத்திரைப் பொறுப்பைக் கொடுங்கள். "சும்மா டெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்; இரண்டு மாதம் யாரும் டெஸ்ட் எடுக்க மாட்டார்கள் என்பது பிள்ளைகளின் அப்பத்தாவுக்கும் தெரியும். நோயின் பெயரையும் திரும்பி வரும் மாதத்தையும் சொல்லுங்கள். நான்காம் வாரத்துக்குள் அண்ணனின் குரல் மாறிவிடும், பேசவே சிரமப்படுவார். அதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், போனில் அந்தக் குரலைக் கேட்டு அவர்கள் பயப்பட மாட்டார்கள். சாயங்காலம் ஒரு நேரம் வைத்துக்கொண்டு வீடியோவில் முகத்தைக் காட்டினால் போதும்.

விசாரிக்க வருபவர்கள் இன்னொரு பாடு. நம் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் பார்க்கப் போகாமல் இருப்பது குற்றம். ஐந்து பேர், பழக்கூடை, ஹார்லிக்ஸ் பாட்டில், அப்புறம் "எங்க சம்பந்தி வீட்ல ஒருத்தருக்கு இதே மாதிரி" என்று தொடங்கும் கதை. கதை எங்கே முடியும் என்று உங்களுக்குத் தெரியும். சளி, இருமல் உள்ளவர் வந்தால் ஆபத்தும்கூட. நீங்கள் வரவேண்டாம் என்று சொன்னால் மனத்தாங்கல் வரும், அதனால் அதை உங்கள் மகளிடம் விட்டுவிடுங்கள். "டாக்டர் யாரையும் பார்க்க விடவில்லை, அம்மாவுக்குப் போன் பண்ணாதீங்க, நானே சொல்றேன்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வாரம் ஒரு தடவை எழுதட்டும். டாக்டர் அப்படிச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரே கதையைச் சொல்வதில் போகும் தெம்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஒரே அறையில் இரவும் பகலும் இருவர் மட்டும் இருப்பது, அத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகும், புதிது. ஊரில் அவர் முகப்பில், நீங்கள் இரண்டாம் கட்டில். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டால் உண்டு. இங்கே அவர் கஞ்சியைத் தள்ளிவைப்பதை நீங்கள் பார்ப்பீர்கள், நீங்கள் பெருமூச்சு விடுவதை அவர் பார்ப்பார். வலியில் கோபம் வரும். அந்தக் கோபம் விழ உங்களைத் தவிர வேறு இடமில்லை. இதற்கு நான் கண்ட வழி, அவருக்கென்று ஒரு வேலையை விட்டுவைப்பது. செலவுக் கணக்கை அவர் எழுதட்டும், தினமும் எடுத்த தவணையைக் காலண்டரில் அவரே அடித்துவிடட்டும், மாத்திரை நேரத்தை அவரே பார்க்கட்டும். எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் மனிதர் படுத்தே கிடப்பார். பேச முடியாத நாட்களுக்கு ஒரு சிலேட்டோ நோட்டோ பக்கத்தில் வையுங்கள். நீங்களும் தினமும் ஒரு மணி நேரம் அந்த அறையை விட்டு வெளியே போங்கள், மருந்து வாங்க இல்லை, சும்மா. மகள் மாதத்தில் ஒரு வாரம், கடைசி இரண்டு வாரம் மகன் என்று இப்போதே லீவு சொல்லிவைக்கச் சொல்லுங்கள். மகன் முதல் வாரத்தில் பதறிக்கொண்டு வந்துவிட்டு ஐந்தாவது வாரத்தில் லீவு இல்லாமல் நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

சனி, ஞாயிறு ஊருக்கு வந்துபோகலாம் என்று அண்ணன் ஆசைப்படுவார். முதல் இரண்டு வாரம் வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு தடவை வரலாம். அதற்கு மேல் வேண்டாம். நடுவில் செவ்வாய்ப் பொங்கலோ பிள்ளையார் நோன்போ பங்காளி வீட்டுக் கல்யாணமோ வந்தால் நீங்கள் இல்லாமலே நடந்து முடியட்டும். தலை, கழுத்துப் புற்றுநோயில் தவணைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் குணமாகும் வாய்ப்பே குறைகிறது. குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டதைத் திரும்பி வந்து செலுத்தலாம்.

திரும்பும்போது, முடிந்த அன்றைக்கே ரயில் ஏறாமல், புண் அடங்கி விழுங்குவது கொஞ்சம் எளிதான பிறகு பகல் வண்டியில் வாருங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மூன்று நகல் எடுத்து, ஒன்றைக் காரைக்குடியில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொடுங்கள். பலன் தெரியும் ஸ்கேன் சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள். அதற்கு நடுவில் இரண்டு மூன்று தடவை பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். காலி செய்யும்போதே வீட்டுக்காரரிடம் அந்தத் தேதிகளைச் சொல்லி ஓரிரு நாளுக்கு இடம் கேட்டுவையுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, பல் டாக்டர் தேதி, சிமுலேஷன் தேதி, எந்த வளாகம் என்ற மூன்றையும் கேட்டு வாங்குவது. அது தெரிந்ததும் எழுதுங்கள், எந்தத் தெருவில் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.